தொண்டை கட்டிய புதன்கிழமை

என் உத்தியோகத்தின் கடைசி வருடங்களில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ் வளர்மதி போன வாரம் போன் செய்தாள். இப்போது அவள் ஒரு பனியன் கம்பெனியின் மருத்துவ அறைக்குப் பொறுப்பாளர். வடநாட்டிலிருந்து வந்து தையல் பிரிவில் வேலை செய்யும் பிள்ளைகள் தலைவலி, நெஞ்சுவலி, வயிற்றுவலி என்று வரிசை கட்டி நிற்கிறார்களாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லையாம். ஆலோசனை சொல்ல ஒரு ஆளைப் போட்டு, கேட்பதற்கு இரண்டு பக்கக் கேள்வித்தாளும் கொடுத்திருக்கிறார்களாம்.

"ஏனுங்கக்கா, உங்க காலத்துல இந்த டென்ஷன் கேஸெல்லாம் உண்டுங்களா?" என்று கேட்டாள்.

இல்லாமலா! எங்கள் காலத்தில் அதற்குப் பெயர்தான் வேறு. வாய்வு, காந்தல், நெஞ்சடைப்பு, மேலெல்லாம் குத்தல். நாட்டில் யாருக்கும் டென்ஷன் கிடையாது, எல்லாருக்கும் வாய்வுதான். போனில் சொல்லி முடிக்கிற கதையா இது? "எழுதியே குடுத்தர்றன் கண்ணு" என்றேன். எண்பது தாண்டிய பிறகும் எனக்கு வாய் ஓயவில்லை. எழுதுவதும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பொங்கலூர்ப் பக்கம் தோட்டங்காட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றதும் என் அப்பா, "ஊரான் புண்ணக் கழுவறதுக்கு என்ற ஊட்டுப் பொண்ணுதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டு ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. கோயமுத்தூரில் மூன்று வருடம் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, நர்ஸின் வாயில் வீண் பேச்சு இருக்கக் கூடாது என்று மேட்ரன் தினமும் சொல்வார். முதலாவதை நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நூல் மில்லின் மருந்தகத்தில் வேலை கிடைத்தது. மண்ணரை என்ற ஊருக்குப் போகிற வழியில் மில். ஊரில் உள்ள பனியன் கம்பெனிகளுக்கு அங்கிருந்து நூல் போகும். மில் வளாகத்தின் மூலையில் ஓடு போட்ட இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா, அதில் இரண்டு பெஞ்சு. அதுதான் மருந்தகம். கம்பவுண்டர் மருதாசலம் ஒருவர், நான் ஒருத்தி, டாக்டர் எஸ்தர் ஒருவர்.

மருதாசலத்திடம் மூன்று பெரிய ஜாடிகளில் மூன்று நிறத்தில் மிக்சர் இருக்கும். இருமலுக்குக் கறுப்பு, காய்ச்சலுக்கு மஞ்சள், மிச்சம் எல்லாவற்றுக்கும் சிவப்பு. பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். அந்தச் சிவப்பு மிக்சரின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை பழனி முருகன் மேல்கூட இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

டாக்டர் எஸ்தர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கட்டையான உருவம், வெள்ளைச் சேலை, கையில் அவருடைய அப்பாவின் பெரிய ஆண்பிள்ளைக் கடிகாரம். அதிகம் பேச மாட்டார். மூன்று விதமாக "ம்" சொல்வார். இழுத்துச் சொன்னால் நோயாளி சொல்வதை நம்புகிறார். வெட்டிச் சொன்னால் நம்பவில்லை. மூக்கால் சொன்னால் அது எனக்கு, வாயை மூடு என்று அர்த்தம்.

அவர் நாடி பார்க்கிற அழகை நான் வேறு எவரிடமும் பார்க்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். இலவம்பஞ்சு அடைத்த சின்னத் தலையணை ஒன்று இருக்கும். அதன்மேல் நோயாளியின் கையை மல்லாத்தி வைத்து, மூன்று விரலை மணிக்கட்டில் வைப்பார். முதல் அரை நிமிடம் எண்ணவே மாட்டார், சும்மா பிடித்துக்கொண்டிருப்பார். பிறகுதான் எண்ணுவார், முழுதாக ஒரு நிமிடம். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "அது கணக்கு வாத்தியாருக்க வேலை, நம்ம வேலை இல்ல பிள்ளே" என்றார்.

அந்தக் காலத்தில் மில்லுக்குத் தெற்கத்தி ஆட்கள் நிறைய வர ஆரம்பித்திருந்தார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த சங்கையா என்று ஒருவர், பஞ்சு உதறும் பிரிவில் வேலை. வயிற்றுக் காந்தல் என்று வாரம் தவறாமல் வருவார். சிவப்பு மிக்சர் வாங்கிப் போவார். நாலு மாதம் கழித்து டாக்டர் ரெஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினார். எல்லாத் தடவையும் திங்கள்கிழமை. "சனி, ஞாயிறுல ஒமக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டார். சனிக்கிழமை தபால்காரர் வருவார் என்றார் சங்கையா. ஊரிலிருந்து கடிதம் வராத சனிக்கிழமைக்கு மறுநாள் வயிறு எரியுமாம், ஞாயிறு லீவு என்பதால் திங்களன்று வருகிறாராம். டாக்டர் ஒரு கார்டை எடுத்து அவருடைய மனைவிக்குத் தானே எழுதினார்: உங்கள் புருஷனுக்கு வாரம் ஒரு கடிதம், உணவுக்குப் பின். காந்தல் நின்றுவிட்டது. மருதாசலம் மட்டும், "மிக்சர் இப்பத்தானுங்க புடிச்சிருக்குது" என்று கடைசிவரை சாதித்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதில் குற்றவாளி நான்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் எங்கள் மில்லுக்கு வந்தன. அவர்களுடைய பாட்டன்மார் இங்கிருந்து தேயிலை பறிக்கப் போனவர்கள். இவர்கள் எல்லாரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டையோடு வந்து இறங்கினார்கள். முதல் நாள் காலையில் மணி அடிக்கும் முன்பே, யாரும் சொல்லாமல், மில் வாசலில் ஒற்றை வரிசையில் நின்றார்கள். தோட்டத்தில் ஆள் எண்ணுவதற்கு அப்படி நிற்க வேண்டுமாம். மில் கேண்டீன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதை அவர்கள் டீ என்று ஒத்துக்கொள்ளவே இல்லை, மரியாதைக்காகக் குடித்து முடித்தார்கள்.

வந்த ஒரே மாதத்தில் எங்கள் பெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருவருக்கு நெஞ்சு படபடப்பு, ஒருவருக்குத் தலை பாரம், இன்னொருத்திக்குக் கை மரத்துப் போகிறது. எல்லாருக்கும் நாடி ஓட்டமாக ஓடியது.

பாவம், புது இடம், ஆதரவாக நாலு வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்று நான் முடிவு கட்டினேன். எங்கள் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர் என்று கேட்போம். அங்கே யாருடைய வீடு, எந்தத் தெரு, எந்தக் கோயில், இன்னாரைத் தெரியுமா என்று தோண்டித் துருவி எங்காவது ஒரு உறவைக் கண்டுபிடித்த பிறகுதான் வந்த காரியத்தையே கேட்போம். கேட்காவிட்டால் வந்தவருக்கு மனத்தாங்கல் வந்துவிடும். ரெஜிஸ்டரிலும் பெயருக்கு அடுத்த கட்டம் சொந்த ஊர்தான். ஆகவே நோயாளி முதலில் என் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குப் பதில் சொல்லிவிட்டு, அப்படியே எழுந்து போய் டாக்டரின் தலையணையில் கையை வைப்பார். இதுதான் எங்கள் நடைமுறை.

அந்தக் கூட்டத்தில்தான் பாக்கியம் வந்தாள். முப்பது வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். புருஷனுக்குக் குடியுரிமைக் காகிதம் சரியாகவில்லை என்று அவர் மட்டும் அக்கரையில் தங்கிவிட்டார். நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் பாக்கியத்துக்கு வேலை. அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போடுவதில் அவளுக்கு இணை கிடையாது. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள். இரண்டாவது வாரத்திலேயே பழைய ஆட்களைத் தாண்டிவிட்டாள் என்று மேஸ்திரி வியந்து சொன்னார். ஆனால் வேலை நிரந்தரம் ஆக வேண்டுமானால் மருந்தகத்தின் கையெழுத்து வேண்டும். மிஷின் பக்கம் மயங்கி விழக்கூடிய ஆளுக்குக் கையெழுத்துக் கிடையாது, உட்கார்ந்திருக்கும்போது நாடி நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வேலை போகும். வேலையோடு மில் கொடுத்த வீடும் போகும். பிறகு அந்த இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

பாக்கியத்துக்குப் புதன்கிழமை முறை. முதல் புதன் வந்து உட்கார்ந்தாள்.

"வாங்க கண்ணு, தண்ணி குடிங்க. சொந்த ஊர் எதுங்க?"

முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள், ஒப்பிப்பதுபோல.

"அட, அங்கீங்களா! அங்க யாரூடுங்க? எந்தத் தெருவுங்க?"

அவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "நெஞ்சு அடைக்குதுங்கம்மா. மூச்சு விட ஏலாது" என்றாள். நாடி நூற்றுப் பதினாறு.

அடுத்த புதன் இன்னும் அன்பாகக் கேட்டேன். அவள் ஸ்டூலில் பின்னுக்கு நகர நகர என் குரலில் தேன் கூடியது. அவளுடைய அம்மா வழி அப்புச்சி பெயர், அப்பா வழி அப்பாயி பெயர், குலதெய்வம் என்று ஒன்றும் விடவில்லை. நாடி நூற்று இருபத்திரண்டு. டாக்டர் இழுத்து ஒரு "ம்" போட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். கையை நீட்டச் சொல்லி அதன்மேல் ஒரு தாளை வைத்து நடுக்கம் பார்த்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்து நிறம் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சுப் படம் எடுத்துவரச் சொன்னார். எல்லாம் சுத்தம். நாடி மட்டும் ஓடியது.

மூன்றாவது புதன் நான் செய்ததை நினைத்தால் இன்றும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஸ்பின்னிங் பிரிவில் ஒரு மேஸ்திரிக்கு அதே முசிறிப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். பாக்கியத்துக்கு ஒரு சந்தோஷம் தரலாமே என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"பாக்கியம், இங்க பாருங்க, உங்க ஊருக்காரரு!" என்றேன்.

அவரும் நல்ல மனிதர்தான். "அம்மா, நம்ம ஊரா நீங்க? ஏரிக்கரைத் தெருவா, கெழக்குத் தெருவா? உங்க பாட்டனார் பேரு என்ன?" என்று ஆசையாகக் கேட்டார்.

பாக்கியம் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே சரிந்தாள். நான் பிடிக்காவிட்டால் தலை தரையில் அடித்திருக்கும். தெளிய வைத்து நாடி பார்த்தபோது நூற்று முப்பது. விஷயம் அன்று மாலையே லேபர் ஆபீசருக்குப் போய்விட்டது. அடுத்த மாதக் கடைசியில் தானே படிவத்தோடு வருவதாகவும், அன்று கையெழுத்து இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவதாகவும் சொல்லியனுப்பினார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்னும் அன்பு காட்ட வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்!

நடுவில் என் தம்பி கல்யாணம் வந்தது. கல்யாண வீட்டில் மூன்று நாள் பந்தி விசாரிப்பு எனக்கு. ஐந்நூறு ஒறம்பரைச் சொந்தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்ததில் தொண்டை கட்டிப் போய்விட்டது. புதன்கிழமை காலை மருந்தகத்துக்கு வந்தால் காற்றுத்தான் வருகிறது, குரல் வரவில்லை. மருதாசலம் கறுப்பு மிக்சர் கொடுத்தார். ஒரு பயனும் இல்லை.

என்ன செய்வது? வந்தவர்களைக் கையால் உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன், சிரித்தேன். பெயர் தெரிந்தவர்களாக இருந்ததால் நானே எழுதிக்கொண்டேன். சொந்த ஊர்க் கட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். பாக்கியம் வந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். அவள் அந்த டம்ளரை முழுதாகக் குடித்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் எண்ணினார். ஒருமுறை எண்ணி, கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்து, மறுபடி எண்ணினார்.

"எண்பது" என்றார்.

அதற்குப் பிறகு வந்த தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேருக்கும் நாடி தொண்ணூறைத் தாண்டவில்லை. மருதாசலம் கதவு வழியாக எட்டிப் பார்த்து, "நல்ல நாளுங்களாட்ட இருக்குதுங்க டாக்டரம்மா, காலண்டரப் பாக்கட்டுங்களா?" என்றார். டாக்டர் ரெஜிஸ்டரை மேசைக்கு வரவழைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சொந்த ஊர்க் கட்டம் அன்று மட்டும் வெறுமையாக இருந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சரசு, நோய் எதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீதான் பிள்ளே."

எனக்குச் சண்டை போடவும் குரல் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் என்னைப்போல அன்பாக யார் விசாரிப்பார்கள் என்று நினைத்திருந்தவள் நான். ஆனால் டாக்டர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. எனக்குக் குரல் திரும்பியதும் சோதித்தே பார்த்தார். ஒருவரை நான் விசாரித்து அனுப்ப வேண்டும், அடுத்தவரை விசாரிக்காமல் அனுப்ப வேண்டும். இப்படி இரண்டு நாள். எங்கள் உள்ளூர்க்காரர்களுக்கு நான் விசாரித்தால் நாடி இறங்கியது, தோட்டத்துக்காரர்களுக்கு ஏறியது. உள்ளூர்க் கிழவர் ஒருவர், நான் எதுவும் கேட்காமல் அனுப்பியதற்கு, "என்னம்மிணி, என்ற மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?" என்று கேட்டே விட்டார். அவருக்கு நாடி நூறு!

காரணத்தைப் பாக்கியம்தான் சொன்னாள். டாக்டர் என்னை வெளியே அனுப்பவில்லை, மருந்து அலமாரிப் பக்கம் நிற்கச் சொன்னார்.

"அந்த ஊர நான் கண்ணால பாத்ததில்லீங்க. எங்கப்பா சொன்ன பேரு, காகிதத்துல இருக்குது. கப்பல் ஏறையிலும் அதையேதான் கேட்டாங்க, எறங்கையிலும் கேட்டாங்க, முகாம்லயும் கேட்டாங்க. இங்கயும் கேக்குறாங்க. தெருப் பேரு கேட்டா நான் என்னான்னு சொல்ல? தப்பாச் சொல்லி, இவ பொய்க்காரின்னு எழுதிட்டா எங்க வூட்டுக்காரர் காகிதமும் நின்னுபோயிரும். அவரும் அதே ஊரத்தான் எழுதிக் குடுத்திருக்காரு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க பாட்டன் எந்தத் தெருவுல இருந்திருப்பாருன்னு ஒங்களுக்கு வெளங்கும்ங்க. அதச் சொன்னா, நாளைக்குக் கொழாயடியில தண்ணி புடிக்க விடுவாங்களா?"

எந்தத் தெரு என்று கேட்பதில் எந்தச் சாதி என்ற கேள்வியும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். எனக்கு அந்தக் கேள்வியால் ஒருநாளும் வலித்ததில்லை, அதனால் அது அன்பு என்று மட்டும் நினைத்துவிட்டேன். அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். வெட்கமாக இருந்தது. டாக்டர் மட்டும் எதுவுமே நடக்காததுபோல, "இஞ்ச யாரும் ஒனக்க ஊரைக் கேக்க மாட்டாங்க. தலைவலிக்கு மட்டும் வா, செரியா?" என்றார்.

அன்றே நடைமுறை மாறியது. ரெஜிஸ்டரில் சொந்த ஊர்க் கட்டத்துக்கு மேல் டாக்டர் ஒரு காகிதத்தை ஒட்டினார். தண்ணீர் கொடுத்துவிட்டு, "இன்னைக்கு வேலை எப்படீங்க?" என்பதைத் தவிர நான் எதுவும் கேட்கக் கூடாது. எனக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் எனக்கே நெஞ்சடைப்பு வந்தது. "நர்ஸம்மாளுக்கு நாலு வேளை சிவப்பு மிக்சர் குடுத்தறலாமுங்க" என்றார் மருதாசலம். மற்றபடி, தோட்டத்துக்காரர்களின் வலியெல்லாம் ஒரே நாளில் பறந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். தலைவலி வந்தது, தூக்கம் வராமல் கஷ்டப்பட்டார்கள். ஆனால் வந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கேட்காமல் விட்டபோதுதான் அவர்களாகவே நிறையச் சொன்னார்கள்.

மாதக் கடைசி வந்தது. லேபர் ஆபீசரும் வந்தார். கொமரலிங்கம் என்ற ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டவர் இல்லை, ஆனால் கட்டம் கட்டமாக நிரப்பினால்தான் அவருக்கு உயிர் வரும். படிவத்தை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தார். டாக்டர் எனக்குக் காலையிலேயே கட்டளை போட்டிருந்தார்: "இன்னைக்கு நீ வாயே தொறக்காண்டாம்." நான் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். பாக்கியம் தலையணையில் கையை வைத்தாள். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி வைத்து மூன்று விரலைப் பதித்தார். எண்ணாத அந்த முதல் அரை நிமிடம் ஓடியது.

ஆபீசர் படிக்க ஆரம்பித்தார். "பேரு, பாக்கியம். வயசு, முப்பது. பிரிவு, வைண்டிங். சொந்த ஊரு..." என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "சொந்த ஊரு எதுங்கம்மா?"

பாக்கியத்தின் கழுத்து நரம்பு துடிப்பது சுவரோரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. டாக்டருக்கோ எண்ண ஆரம்பித்த நேரம், வாய் திறக்க முடியாது. இவளுடைய வேலை, வீடு, அந்தக் குழந்தைகள் எல்லாம் போகப் போகிறது என்று நினைத்தேன். அடக்கி வைத்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏனுங்க சார்! நீங்க கொமரலிங்கமுன்னு சொன்னாங்க. அங்க யாரூடுங்க நீங்க?"

பேனா நின்றது. "ஏனுங்க, உங்களுக்கு அந்தப் பக்கம் பழக்கமுங்களா?"

"என்ற பெரியம்மாளக் குடுத்ததே அங்கதானுங்களே! வாய்க்காக் கரையில, வேப்ப மரத்துக்குப் பக்கத்து ஊடு."

"வேப்ப மரத்தூடுங்களா! அட, எங்க ஊட்டுக்கு நாலு ஊடு தள்ளித்தானுங்க அது!" என்று நாற்காலியையே என் பக்கம் திருப்பிவிட்டார் மனிதர். பெரியம்மாள் நலமா என்றார். அமராவதி ஆற்றில் இந்த வருசம் தண்ணீர் எப்படி என்று நான் கேட்டேன். அவருடைய அப்புச்சியின் நெல்வயல், அந்த வயலில் பிடித்த நண்டு, அந்த நண்டு கடித்த விரல் என்று வரிசையாக வந்தது. விரலைக்கூடக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் ஒரு மாதம் பட்டினி கிடந்தவளுக்கு விருந்து போட்ட மாதிரி இருந்தது. ஓரக்கண்ணால் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் ஆபீசரின் விரலையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு.

டாக்டர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார். "எண்பத்தி நாலு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். மூக்கால் ஒரு "ம்" சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆபீசர் சிரித்த முகத்தோடு திரும்பி, படிவத்தைப் பார்த்து, "அடடே, இந்தக் கட்டம் பாக்கியிருக்குதுங்களே" என்றார். நான் மறுபடி வாயைத் திறக்கப் போனேன். ஆனால் இந்தத் தடவை பாக்கியமே பேசினாள்.

"காகிதத்துல முசிறிப் பக்கம்னு இருக்குதுங்க சார். நான் அங்க போனதே இல்லீங்க. நான் பொறந்தது, வளந்தது எல்லாம் தோட்டத்துல நாலாம் நம்பர் லயத்து வரிசை வீடுங்க. அதுதான் எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அவரையே பார்த்தாள்.

ஆபீசர் பேனாவால் தலையைச் சொறிந்தார். "அதுக்கென்னங்கம்மா. காகிதத்துல இருக்கறதையே எழுதிக்கறன். போகாட்டிப் போவுது. எங்கய்யனுக்குப் பூர்வீக ஊருன்னு ஒண்ணு இருக்குது, நானும் அங்க போனதில்லீங்க" என்று எழுதி முடித்து, படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். அவ்வளவுதான். இந்த ஒரு பதிலுக்குப் பயந்துதான் அவள் நெஞ்சு இத்தனை நாள் ஓடியிருக்கிறது. பாக்கியம் எழுந்து நின்று, போவதற்குப் பதிலாக மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். எனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் அவள் புருஷன் கப்பலில் வந்து சேர்ந்தார். ஆறடி உயரம், பெயர் ராமையா. மில்லில் சேர்வதற்கு முன் டாக்டரிடம் காட்டப் பாக்கியமே கூட்டி வந்தாள். எனக்கோ கேட்க நூறு கேள்வி. கப்பல் எப்படி இருந்தது, குழந்தைகள் அடையாளம் கண்டுகொண்டார்களா, இவ்வளவு நாள் தனியாக என்ன சாப்பிட்டார்! நடைமுறை நடைமுறைதானே. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலைக் காட்டினேன், தண்ணீர் கொடுத்தேன், காது வரை சிரித்தேன். பாக்கியத்திடம் கேட்டு ரெஜிஸ்டரை எழுதக்கூட வேண்டியிருக்கவில்லை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. டாக்டர் எண்ணினார். எழுபத்தி ரெண்டு.

வெளியே போகும்போது வராந்தாவில் ராமையா தன் மனைவியிடம் தாழ்ந்த குரலில், மிகவும் இரக்கத்தோடு கேட்டது ஜன்னல் வழியாக உள்ளே இருந்த எங்கள் மூன்று பேர் காதிலும் விழுந்தது.

"பாவம், நல்ல மனுசி. அந்த நர்ஸம்மா பொறவியிலேயே ஊமையா?"

பாக்கியம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். உள்ளே டாக்டர் எஸ்தர், நான் அவரோடு வேலை பார்த்த அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அடுத்த நோயாளியின் நாடி எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டார்.